ரொம்பப் பேசுதா

சங்கரன்கோவிலில் கோமதிசங்கருக்குப் ‘பேச்சு டாக்டர்’ என்று பெயர். டாக்டரே இல்லை அவன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர்ப்பலகையில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதை முழுசாக வாசித்து முடிக்க ஊரில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஊசி போடமாட்டான், மாத்திரை தரமாட்டான், எதிரே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பான். பேசுவதற்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்களே என்று டீக்கடையில் சிரித்தார்கள். மூன்றாவது வருஷத்தில் அவனுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

மலையடிவார மனநலத் திட்டம் என்று அதற்குப் பெயர். தறிக்கூடங்களுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீடு. முன்னறையில் கோமதிசங்கர், பின்னறையில் நோயாளிகளுக்கு நாலு கட்டில், முற்றத்தில் ஒரு வேப்பமரம். சித்தம் கலங்கியவர்களை முதலில் கோமதி அம்மன் சன்னிதியில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். அங்கே குணமாகாதவர்கள் இங்கே வருவார்கள். இங்கே குணமாகாதவர்கள் திரும்ப அங்கேயே போவார்கள். நடுவில் லாபம் பார்த்தது டீக்கடைக்காரன் ஒருவன்தான்.

புதன்கிழமை தோறும் ஜீப்பில் ராயகிரி தாண்டி, மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் நெல்லிக்கோம்பைக்குப் போகவேண்டும். பளியர் என்கிற மலைச்சனத்தின் குடியிருப்பு அது, இருபத்தாறு குடிசை. திட்டத்தின் அசல் நோக்கமே அந்த மக்கள்தான். மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது, இருபத்துநாலு கேள்வி. ‘உமக்குக் கவலை உண்டா? தூக்கம் உண்டா? யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா?’ ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போடவேண்டும். பளியர்கள் பதில் சொல்லமாட்டார்கள். தலையைக் குனிந்து நிற்பார்கள், ரொம்ப நச்சரித்தால் எழுந்து காட்டுக்குள் போய்விடுவார்கள். மேலிடத்துக்கு இது புரியுமா? ‘விவரம் போதாது’ என்று மாதாமாதம் கடிதம் வரும். அந்தக் கடிதங்களை எல்லாம் கட்டி ஒரு அலமாரியில் வைத்திருந்தான்.

எண்பத்துநாலாம் வருஷம் ஆடித்தபசுக் கூட்டம் வடிந்து, ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு கான்ஸ்டபிளும் காட்டிலாகா கார்டு சங்கரபாண்டியும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இடுப்பில் அழுக்குத் துண்டு, நரைத்த சிறு தாடி, நாற்பது நாற்பத்தைந்து வயது. கோமதிசங்கர் நிமிர்ந்து பார்த்தான். மூக்காண்டி.

“சார், இவன் மேக்காட்டுல ஒரு பாறை மேல உக்காந்திருந்தான்” என்று சங்கரபாண்டி ஆரம்பித்தான். வேலைக்குப் புதுசு, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, அதிகாரம் நன்றாக முளைத்துவிட்டது. “யாருலேன்னு கேட்டேன். பதில் இல்ல. இங்கன என்னலே வேலைன்னு கேட்டேன். எந்திரிச்சு அவன் பாட்டுக்கு நடக்கான்! வாயில என்ன கொழுக்கட்டையான்னு துண்டைப் பிடிச்சு இழுத்தேன். அப்பவும் மூச்சு விடல. ஸ்டேசன்ல மூணு நாள் வச்சிருந்தாக. ஊமையில்ல, செவிடில்ல, சோறு போட்டா திங்கான். அப்ப கிறுக்குத்தான சார்?”

கான்ஸ்டபிள் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் காகிதத்தை நீட்டினார். ஆளைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்கவேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டாக்டரின் சான்றோடு ஆஜர்படுத்தவேண்டும். சித்தசுவாதீனம் இல்லை என்றால் மெட்ராஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவு போடப்படும்.

மெட்ராஸ் எங்கே, நெல்லிக்கோம்பை எங்கே? அங்கிருந்து ஒருத்தனை வெளியே எடுக்க உறவுக்காரன் மனுப்போட்டு, ரயிலேறிப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். ராயகிரி பஸ்ஸில் ஏறவே பயப்படுகிற சனம் அதைச் செய்யுமா? போனால் போனதுதான். மூக்காண்டி செத்து அங்கேயே புதைவான். அது கோமதிசங்கருக்கு அந்தக் காகிதத்தை மடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

மூக்காண்டி அவனை ஒரு தரம் பார்த்தான். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தான். அடையாளம் தெரியாமல் இல்லை.

எப்படித் தெரியாமல் போகும்? போன வருஷம் தை மாதம், நெல்லிக்கோம்பையில் புங்கமரத்தடியில் முகாம். காலையிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். மத்தியானம் எல்லாரும் போனபிறகு அந்த ஆள் கிட்டே வந்தான். மூன்று தரம் வாயைத் திறந்து மூடினான். கடைசியில் சொன்னான்.

“இவ ரொம்பப் பேசுதா, சாமி.”

கோமதிசங்கர் சிரித்துவிட்டான். சும்மா சிரித்திருந்தாலும் பரவாயில்லை. “எந்த வீட்டுலவே பொண்டாட்டி பேசாம இருக்கா? எங்க வீட்டுக்கு வந்து பாரும், அப்பத் தெரியும்!” என்றான். ஜீப் டிரைவர் ஹுசைன் சிரித்தார், கூட வந்த நர்ஸ் சிரித்தாள். அந்த ஆள் சிரிக்கவில்லை. நின்று பார்த்தான், அவ்வளவுதான்.

அவள் பெயர் முத்துத்தாய். உட்காரச் சொன்னதும் பேச ஆரம்பித்தாள். அம்மாடி, என்ன பேச்சு! தேன்பூச்சி எந்தப் பாறைக்கு எப்போது வரும், எந்தக் கிழங்கு கசக்கும், இந்த மலையை வெட்டி ரோடு போட்டால் எத்தனை பேருக்கு வீடு கட்டலாம், அந்த வீடுகளுக்கு அவள் எப்படி ராணி… இரண்டரை மணி நேரம். ஊமைப் படிவங்களோடு மாரடித்துக் காய்ந்து கிடந்தவனுக்கு அது பெருமழை. பதினொரு பக்கம் எழுதினான். இருபத்துநாலு கேள்விக்கும் பதில் சொன்ன முதல் பளியப் பெண். ‘ஆரோக்கியமானவர். மிகவும் ஒத்துழைத்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். அந்தப் பதினொரு பக்கத்தை மதுரையில் ஒரு கூட்டத்தில் வாசித்தான். கை தட்டினார்கள்.

அவன் கைதட்டு வாங்கிய நேரத்தில் முத்துத்தாய் உயிரோடு இல்லை. முகாம் முடிந்து பத்தொன்பதாம் நாள் விடியற்காலை, பேசிக்கொண்டே போய் மேக்காட்டுப் பாறையிலிருந்து விழுந்துவிட்டாள். ஒரு மாதமாக அவளுக்குத் தூக்கமே இல்லை. மூக்காண்டியும் கூடவே முழித்திருந்திருக்கிறான். அந்த ஒரு விடியல் மட்டும் கண் அசந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கோமதிசங்கருக்குப் புத்தி வந்தது. படிவத்தை ஜீப்பிலேயே வைத்துவிட்டு, புதன்கிழமைகளில் சும்மா போய் உட்கார்ந்தான். மாசக்கணக்கில் உட்கார்ந்த பிறகு ஒன்று தெரிந்தது. நெல்லிக்கோம்பையில் வயது ஏற ஏறப் பேச்சு குறையும். நாற்பது தாண்டினால் அநேகமாக நின்றே போகும். அது அங்கே மரியாதை, நிதானம். சண்டை வந்தால் வாயைத் திறக்கமாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள். யாராவது ஒருவர் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தால்தான் குடியிருப்பே பதறும். அந்த ஆளைத் தனியே விடமாட்டார்கள். பகலில் முறை வைத்து யாராவது, ராத்திரியில் வீட்டு ஆள், கொஞ்சம் தள்ளிக் கூட உட்கார்ந்திருப்பார்கள்.

ஆக, மூக்காண்டி அன்றைக்குப் பெண்டாட்டியைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படி நோயைச் சொல்லியிருக்கிறான். அந்த வருஷத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சே அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் படித்த மனுஷன் நக்கலடித்தான்.

இதை எல்லாம் அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஃபைலில் ‘ஆரோக்கியமானவர்’ அப்படியே இருந்தது. அதன் கீழே ‘தவறி விழுந்து மரணம்’ என்று ஒரு வரி சேர்த்தான். பொய் என்று யாரும் சொல்ல முடியாத வரி. பதினெட்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்த மனைவி வள்ளித்தாய், மாதம் இருமுறை அவன் போய் இறங்கும்போதெல்லாம், “ஊருக்கெல்லாம் பேசுதிய, வீட்டுக்குள்ள வந்தா மட்டும் வாய்க்குப் பூட்டா?” என்று கேட்டாள். அலுப்பு என்பான். அலுப்புதான், அது உடம்பு அலுப்பு இல்லை.

மறுநாள் புதன்கிழமை, ஹுசைனை அவசரப்படுத்தி நெல்லிக்கோம்பைக்குப் போனான். மூக்காண்டியின் அண்ணனையோ மச்சானையோ கோர்ட்டுக்குக் கூட்டிவந்தால், எங்கள் ஆள்தான், எங்கள் வழக்கமே இப்படித்தான் என்று தலையையாவது ஆட்டுவார்கள். போனால் குடியிருப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. அடுப்புச் சாம்பல் ஆறிக் கிடந்தது. கோழிகளைக்கூடக் கொண்டுபோயிருந்தார்கள்.

“போலீஸ் ஜீப்பு வந்துச்சுல்லா சார்” என்றார் ஹுசைன். “அன்னைக்கே கெளம்பியிருப்பாக. இனி எந்தக் காட்டுல போய்த் தேட? மழை முடிஞ்சு மெதுவாத்தான் வருவாக.”

கோமதிசங்கர் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தான். எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஹுசைன் இரண்டு தரம் ஹாரன் அடித்தபிறகு எழுந்து வந்தான்.

அதற்குப்பின் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மூக்காண்டி கோர்ட்டில் வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்லவேண்டும். பெயர், ஊர், இரண்டே வார்த்தை. அவ்வளவு போதும், மாஜிஸ்திரேட் விட்டுவிடுவார். அன்றிலிருந்து காலையும் மாலையும் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“மூக்காண்டி, நான் சொல்றதக் கேளும். மெட்ராஸுக்கு அனுப்பிருவாங்கவே. கடல் பக்கம். மலை கிடையாது. ஒரே ஒரு பேரு, மூக்காண்டின்னு சொல்லும். எங்கிட்ட வேண்டாம், அந்தச் சுவர்கிட்டச் சொல்லும்.”

மூக்காண்டி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பான். பேச்சு நீண்டால் மெதுவாக எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவான். கோமதிசங்கர் விடமாட்டான், ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவான். ஆறாம் நாள் கெஞ்சினான். ஏழாம் நாள் கத்தினான், பிறகு மன்னிப்புக் கேட்டான், பிறகு திரும்பக் கத்தினான். மூக்காண்டி அவன் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தான்.

கிளினிக்கில் சமைத்துப்போட்டு, கூட்டிப் பெருக்கி, நோயாளிகளை அதட்டிப் பார்த்துக்கொள்கிறவள் முருகம்மாள். அவள் வாசலில் நின்று இடுப்பில் கைவைத்தாள். “சார், கோவிச்சுக்கிடாதிய. அவரு பேசாதது எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நீங்க பேசுறதுதான் தலவலியா இருக்கு.”

“ஒனக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கிழம இவன் பேசலேன்னா…”

“எல்லாம் தெரியும். தொட்டியில தண்ணி ரொப்புறாரு, முத்தம் பெருக்குறாரு. நான் கேட்டனா? அன்னைக்கு எம் மக கடிதாசி வந்து, மருமகன் அடிக்கான்னு எழுதியிருந்தா. அடுப்படியில உக்காந்து அழுதேன். இவரு வந்தாரு. என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு கை தள்ளி உக்காந்துக்கிட்டாரு. நான் அழுது முடிச்சு மூக்கச் சிந்தி எந்திரிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தாரு சார். என் வீட்டுக்காரரு இருவத்தெட்டு வருசத்துல ஒரு நாள் அப்படி உக்காந்ததில்ல. இவருக்கா கிறுக்கு?”

இதைப் படிவத்தில் எங்கே எழுதுவது? இருபத்துநாலு கேள்வியிலும் மூக்காண்டிக்குப் பூஜ்யம். படிவத்தின் கணக்குப்படி அவன் முற்றிய பைத்தியம்.

வியாழக்கிழமை டாக்டர் ஆவுடையப்பன் வந்தார். திட்டத்துக்கு அவர் பகுதிநேர டாக்டர். சான்றில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருக்குத்தான். தங்கமான மனுஷன், ரிட்டையராக எட்டு மாதம் பாக்கி. எந்த வம்பும் அண்டாமல் அதைக் கடந்துவிடவேண்டும் என்பது ஒன்றே அவர் வேண்டுதல்.

“என்னவே கோமதி, இந்த ஆளுக்கு என்ன எழுத?”

“தெளிவா இருக்கான்னு எழுதுங்க.”

“எழுதுதேன். நாளைக்கு மாஜிஸ்திரேட் பேரக் கேப்பாரு, இவன் முழிப்பான். தெளிவா இருக்கவன் ஏன்யா பேசலேன்னு என்னைக் கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல?”

“அவங்க சனம் அப்படித்தான்னு சொல்லுங்க. பேசாம இருக்கிறது அங்க நோயில்ல, பேசுறதுதான் நோய்.”

“ஆதாரம்?”

கோமதிசங்கர் அலமாரியைத் திறந்து முத்துத்தாயின் ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தான். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“இத உள்ள வையும்” என்றார் கடைசியில். “செத்தவ செத்தாச்சு. இத வெளிய எடுத்தா உம்ம தலைதான் உருளும்வே. மதுரையில வேற வாசிச்சிருக்கீரு. மெட்ராஸ்ல மூணு நேரமும் சோறு போடுவான், மேலுக்குத் துணி குடுப்பான். காட்டுல என்ன இருக்கு இவனுக்கு? பொண்டாட்டியும் இல்ல. பேசாம விட்டுரும். எல்லாருக்கும் நல்லது.”

எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று கோமதிசங்கர் கேட்கவில்லை. ஃபைலை உள்ளே வைத்தான். பூட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பதிவேட்டில் கையெழுத்துப் போடக்கூட விரல் ஓடவில்லை. நாற்பது வயதில் வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தான். வள்ளித்தாய் என்ன சொல்வாள் என்றும் யோசித்தான். எல்லாவற்றையும் யோசித்த பிறகும் அந்தப் புங்கமரத்தடிச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹுசைன் சிரிப்பு அல்ல, நர்ஸ் சிரிப்பு அல்ல. அவனுடைய சிரிப்பு.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கூட்டம். வரப்புத் தகராறு, சாராயக் கேஸ், தறிநூல் திருட்டு எல்லாம் முடிந்து மூன்று மணிக்கு மூக்காண்டியைக் கூப்பிட்டார்கள். முருகம்மாள் துவைத்துப்போட்ட வெள்ளை வேட்டியில் கூண்டுக்குள் நின்றான். டாக்டர் ஆவுடையப்பன் ‘சித்தசுவாதீனம் உள்ளவர், உளவியலாளரின் விளக்கம் தனியே’ என்று எழுதி நீட்டிவிட்டுப் பின் பெஞ்சில் போய் ஒதுங்கிக்கொண்டார். தலை உருண்டால் அது தன் தலையாக இருக்கக்கூடாது என்று அதற்குமேல் அவரால் தெளிவாகச் சொல்லமுடியாது.

மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

“உன் பேர் என்னப்பா?”

மூக்காண்டி தரையைப் பார்த்தான்.

“எந்த ஊர்? பயப்படாம சொல்லு. இன்னிக்கு என்ன கிழமை?”

ஒன்றும் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி கேள்வி போய்க்கொண்டிருந்தது. வெளியே போய்விடத் தோன்றியிருக்கும் அவனுக்கு. கூண்டுக்குக் கதவு இருந்தது, கதவில் கான்ஸ்டபிள் இருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தான்.

“பேரைக்கூடச் சொல்லலியே” என்று மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். “இவரைத் தெளிவா இருக்கார்னு எப்படிச் சான்று கொடுக்கிறீங்க? அனுதாபத்துக்காக நான் உத்தரவு போட முடியாது. நாளைக்கு இவர் எங்காவது விழுந்து செத்தா யார் பதில் சொல்றது?”

விழுந்து செத்தால் என்றதும் கோமதிசங்கர் எழுந்துவிட்டான். அவன் கையில் ஃபைல் இருந்தது.

“ஐயா, விழுந்து செத்தது இவர் மனைவி. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.”

பிறகு நிறுத்தவில்லை. புங்கமரத்தடியைச் சொன்னான். மூக்காண்டி சொன்ன அந்த ஒரு வரியைச் சொன்னான். தான் அடித்த நக்கலை வார்த்தை மாறாமல் சொன்னான். கோர்ட்டில் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று அடங்கினார்கள். பதினொரு பக்கத்தைக் காட்டினான், ‘ஆரோக்கியமானவர்’ என்ற தன் கையெழுத்தைக் காட்டினான், பத்தொன்பது நாளைச் சொன்னான், மதுரையைச் சொன்னான். “அந்த மக்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல ஐயா. சரியாப் பார்த்து, சரியாச் சொல்லி, சரியான நேரத்துல கொண்டுவந்தார் இவர். சுவாதீனம் இல்லாதவனுக்கு அது முடியுமா? இவர் உக்காந்திருந்த பாறை எதுன்னு கார்டைக் கேளுங்க. அவ விழுந்த பாறை அது. அங்க போய் உக்காந்தவரை யாருலேன்னு கேட்டா என்ன சொல்வார்?”

சங்கரபாண்டி வாசல் பக்கம் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மாஜிஸ்திரேட் ஃபைலைப் புரட்டினார். நிறைய நேரம் புரட்டினார். “நீங்க இப்ப சொன்னதை எழுத்து மூலமா கொடுப்பீங்களா? அது உங்க மேலதிகாரிக்கும் போகும்.”

“தெரியும் ஐயா.”

எழுதிக் கொடுத்தான். இரண்டு பக்கம். கையெழுத்துப் போடும்போது விரல் நன்றாகவே ஓடியது. இந்த ஆளுக்கு யார் பொறுப்பு என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு, நான் என்றான். மூக்காண்டியை விடுவித்து உத்தரவானது.

பஸ் ஸ்டாண்டில் ராயகிரி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஜீப் பழுது, ஹுசைன் அதை ஒர்க்‌ஷாப்பில் போட்டிருந்தார். மூக்காண்டியை ஏற்றிவிட்டு, ராயகிரியில் இறங்கி அவன் பாட்டுக்குக் காட்டுக்குள் நடந்துவிடட்டும் என்று ஏற்பாடு. கூட வந்த முருகம்மாள் அரைப்படி பொரிகடலையும் கொஞ்சம் கருப்பட்டியும் வாங்கி அவன் துண்டில் முடிந்து கொடுத்தாள். பூ மார்க்கெட்டுக்குப் போகும் கூடைகள் பெஞ்சைச் சுற்றிக் கிடந்தன. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

கோமதிசங்கர் பேசிக்கொண்டே இருந்தான். கோர்ட்டில் ஆரம்பித்த பேச்சு நிற்கவில்லை. “இப்ப நிம்மதியா இருக்கு முருகம்மா, நெசமாச் சொல்லுதேன், தலையில இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கு. வேலை போகும், போகட்டுமே. மேலிடத்துக்கு நானே எழுதப் போறேன், அந்தப் படிவத்த மாத்தச் சொல்லி, புதுசா நானே ஒண்ணு போடுவேன், அம்பது கேள்வி, இல்ல, கேள்வியே இல்லாம… மதுரைக்கும் எழுதணும். அன்னைக்குக் கை தட்டினாங்க பாரு, அந்தச் சத்தம்… வள்ளித்தாய்கிட்டச் சொல்லணும், அவ ஒரு வருசமாக் கேக்கா. தூக்கமே இல்ல முருகம்மா, நேத்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல, ஆனா அலுப்பே தெரியல பாரேன். அந்தப் பாறைக்கு ஒரு நாள் போகணும். தனியாப் போய் உக்காரணும். நான் இதுவரைக்கும் அதப் பாத்ததே இல்ல. நாளைக்கே போகலாம்…” கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கண் எங்கேயோ இருந்தது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ராயகிரி ராயகிரி என்று கூவினார்.

“ஏறுங்கய்யா, நல்லபடியாப் போய்ச் சேருங்க” என்றாள் முருகம்மாள்.

மூக்காண்டி எழுந்தான். நாலு எட்டு வைத்தான். நின்றான். திரும்பி வந்து முருகம்மாள் முன்னால் நின்று வாயைத் திறந்தான், மூடினான். திரும்பத் திறந்தான்.

“சாமி ரொம்பப் பேசுது.”

முருகம்மாளுக்கு அவன் பேசியதே அதிசயம். அந்தச் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “நல்லாச் சொன்னீரு போம்! பேசுறதுதானய்யா அவரு வேலையே!”

கோமதிசங்கரின் வாய் பாதிச் சொல்லில் நின்றது.

மூக்காண்டி சிரிக்கவில்லை. அன்றைக்கு நின்று பார்த்தது போலவே ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். இன்றைக்குப் போகவில்லை.

“தனியா விட்ராதிய” என்றான்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. மூக்காண்டி பெஞ்சுக்கு வந்து, கோமதிசங்கருக்கு இரண்டு கை தள்ளி உட்கார்ந்தான். கருப்பட்டி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தான். முருகம்மாள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சொருகிக்கொண்டு மூன்று டீ வாங்கிவரப் போனாள்.

கோமதிசங்கர் அழ ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. அடுத்த பஸ் ஏழரைக்கு. அதுவும் வந்து போயிற்று.